நாற்பதுக்கு நான்கு குறைவு

ஏழாவது கேள்வியின் விடை அவள் தலையில் முழுதாக இருந்தது. தாளில் பாதிதான் இருந்தது. அதற்கு மேல் எழுதக் கூடாது.

நல்ல கேள்வி அது. பொட்டலம் நிரப்பும் இயந்திரம் ஒன்று முப்பது பொட்டலங்களை நிரப்பியிருக்கிறது. ஒவ்வொன்றின் எடையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா, தடுமாறுகிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். பகலில் அவள் பார்க்கிற வேலையே கிட்டத்தட்ட இதுதான். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்துச் சரிசெய்கிற பட்டறையில் எட்டு வருடமாக இருக்கிறாள். சராசரி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பொட்டலமும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பட்டியல் போட்டாள். வர்க்கப்படுத்தி, கூட்டி, வகுத்தாள். இனி வர்க்கமூலம் எடுத்து ஒரு வரியில் முடிவைச் சொன்னால் பத்துக்குப் பத்து.

பேனாவை மூடினாள். இதற்கு ஆறு கிடைக்கும். முன்னால் எழுதியவற்றோடு சேர்த்து முப்பது. எட்டாவது கேள்வியிலும் இதேபோல் ஆறு. முப்பத்தாறு போதும்.

பக்கத்து மேசையில் லாரிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு மாலைக் கல்லூரிக்கு வருகிறவர். போன வாரம்தான் காலி வகுப்பறையில் உட்கார வைத்து இதே கணக்கை அவருக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள். வர்க்கமூலத்தை மறந்துவிடாதீர்கள் என்று அடிக்கோடு போட்டுக் காட்டினாள். வகுப்பில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சரிடம் கற்றவர்கள் ஒவ்வொரு பருவமும் தேறிப் போய்விடுவார்கள். டீச்சர் அடுத்த பருவமும் அதே பெஞ்சில் இருப்பாள். பாவம், தாளைப் பார்த்தால் கை உதறிவிடும் போல, ராசி அப்படி என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

புள்ளியியல் என்கிற இந்த ஒரே ஒரு தாளில் அவள் ஏழு முறை தோற்றிருந்தாள். இது எட்டாவது முறை.

நாற்பது எடுத்தால் தேர்ச்சி. இருபத்தைந்துக்குக் கீழே போனால் அக்கறையில்லாதவர் என்று பெயரை நீக்கிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற பதினைந்து மதிப்பெண் அகலமுள்ள சந்தில்தான் நான்கு வருடமாக அவள் குடியிருக்கிறாள். அந்தச் சந்தில் இருக்கும்வரை அவள் மாணவி. மாணவியிடம் கல்விக் கடனுக்குத் தவணை கேட்க மாட்டார்கள். படிப்பு முடிந்தது என்று கல்லூரியிலிருந்து ஒரு தாள் கடன் அலுவலகத்துக்குப் போய்விட்டால் அன்றோடு சரி. மாதாமாதம் அவள் சம்பளத்தில் முக்கால் பங்கைக் கேட்பார்கள். வாடகை கொடுத்து அதையும் கட்ட முடியாது. கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவரின் சம்பளத்தில் கை வைப்பார்கள். ஜாமீன் போட்டவர் அக்காவின் கணவர்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பா போனார். பகல் கல்லூரியிலிருந்து மாலைக் கல்லூரிக்கு மாறி, பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் கொஞ்சம் ஏறட்டும், பிறகு தேறலாம் என்றுதான் முதல் தடவை விடையைப் பாதியில் நிறுத்தினாள். சம்பளம் ஏறவில்லை. வட்டிக்கு மாணவி, மாணவியல்லாதவள் என்ற பேதம் கிடையாது. அது தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பருவமும் தேறுவதற்கான செலவு கூடிக்கொண்டே போனது. தேறாமல் இருப்பதற்குத் தேர்வுக் கட்டணம் மட்டும்தான்.

வழக்கமாக முப்பத்திரண்டுக்குக் குறிவைப்பாள். போன பருவமும் முப்பத்திரண்டுக்குத்தான் எழுதினாள். வந்தது இருபத்தாறு. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. இன்னும் இரண்டு மதிப்பெண் போயிருந்தால் பெயரே போயிருக்கும். அந்த நடுக்கத்தில்தான் இந்த முறை கொஞ்சம் தாராளமாக முப்பத்தாறு.

எட்டாவது கேள்வியைப் பாதியில் நிறுத்தி, தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. அக்காவின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பதினேழு வயதாகியும் வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். கடன் விண்ணப்பம் பதினான்கு பக்கம். அத்தான் அதைச் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் விரித்து வைத்திருந்தார். ரசம் தெறித்துவிடும் என்று மற்றவர்கள் மறுபாதியில் நெருக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அத்தானுக்குப் பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் ரப்பர் வாசனை போகாது.

"ஜாமீன்தாரர் பெயர், வேலை, சம்பளம். எல்லாம் உங்க சித்திக்குப் போட்டதுதான்டி குட்டி. அப்ப நீ ரெண்டாங் கிளாஸ். மாமனார் முன்னாடி வீரமா கையெழுத்துப் போட்டேன்."

"வீரமா? பேனாவைத் தலைகீழாப் பிடிச்சிருந்தீங்க" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

"பேனா உங்கப்பாவோடது. எந்தப் பக்கம் முனைன்னே தெரியாது."

குட்டி ஏழாம் பக்கத்தில் விரல் வைத்திருந்தாள். "அப்பா, இங்க பாருங்க. தவணை தொடங்கின கடனுக்கு ஜாமீனா இருக்கிறவர் இன்னொண்ணுக்கு ஜாமீன் நிக்க முடியாதாம்."

"உன் சித்திக்குத்தான் இன்னும் தொடங்கலையே. அவ பாஸ் ஆனாத்தானே தொடங்குறதுக்கு!" அத்தான் சிரித்தார். "ஏ சின்னவளே, அடுத்த மாசம் இருபதாம் தேதி கையெழுத்து. அதுவரைக்கும் பாஸ் ஆகித் தொலைச்சிடாதே."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விண்ணப்பத்தை அவள் முன்பே படித்திருந்தாள்; எட்டாவது தடவை அவள் விடையை நிறுத்தியதற்கு அந்த ஏழாம் பக்கமும் ஒரு காரணம் என்பதை அத்தான் அறியமாட்டார். இன்னொன்றும் அவருக்குத் தெரியாது. அன்று கையெழுத்துப் போட்ட தொகை அப்படியே கிடக்கிறது, வேலைக்குப் போகிற பெண், ஓரிரு வருடத்தில் கட்டி முடித்துவிடுவாள் என்பது அவர் எண்ணம். அது இரண்டு மடங்கைத் தாண்டிப் பல நாள் ஆகிறது. ஒரு தடவை சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அன்று அத்தான் குட்டிக்குப் புது சைக்கிள் வாங்கி வந்திருந்தார்.

"ஏன்டி சோத்தை அளைஞ்சுகிட்டிருக்க?" என்று அக்கா கேட்டாள். "எடை போடவா வந்த?"

தேர்வு முடிவு வந்த அன்று அவள் ஒரு மளிகைக் கடையில் தராசுக்கு முன்னால் குந்தியிருந்தாள். எடைக்கற்களை எப்போதும் கையுறை போட்டுத்தான் எடுப்பாள். விரல் எண்ணெய் பட்டால்கூட எடை மாறும். கூட வந்திருந்தவர் பட்டறையின் மூத்த ஆள். ஒல்லியாக இருப்பதால் எல்லோருக்கும் அவர் கிராம். உடம்பு பெருத்த முதலாளிக்கு டன் என்று பெயர்.

"கடைக்காரரே, உங்க தராசு கிலோவுக்கு எட்டு கிராம் கூடக் காட்டுது" என்றார் கிராம்.

"அது வாடிக்கையாளருக்கு லாபம்தானே?"

"லாபம் உங்களுக்கு. பொருள் அவங்களுக்குக் குறையுது. தெரியாத மாதிரி கேக்கிறீங்க பாருங்க, அந்த நடிப்புக்குத் தனியா ஒரு முத்திரை குத்தணும்."

அவள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. லாரிக்காரர். இரண்டு தடவை விட்டாள். மூன்றாவது தடவை கையுறையைக் கழற்றி எடுத்தாள்.

"டீச்சர்! நான் பாஸ்! ஐம்பத்தெட்டு! டீச்சர், நீங்களும் பாஸ்!"

"இருக்காது. எண்ணைச் சரியாப் பாருங்க."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன் டீச்சர். நாப்பது. சுத்தமா நாப்பது. இந்தப் பருவத்திலிருந்து நாலு மார்க் வரைக்கும் கருணை மதிப்பெண் குடுக்கிறாங்களாம். நாலு குறைஞ்சவங்க எல்லாரும் தப்பிச்சாச்சு. நாங்க எல்லாரும் கேக் வாங்கி வெச்சிருக்கோம், நீங்கதான் வெட்டணும்."

கற்பெட்டியின் மூடி திறந்தே கிடந்தது. அவள் கடையின் வெளிச்சத்துக்குப் போய் நின்று போனில் தானே பார்த்தாள். முப்பத்தாறு. பக்கத்தில் கூட்டல் குறி, நான்கு. முப்பத்தைந்து எழுதியிருந்தால் முப்பத்தொன்பதோடு நின்றிருக்கும். ஒரே ஒரு மதிப்பெண்.

"என்னம்மா, யாருக்கு என்ன?" என்றார் கிராம்.

"பாஸாயிட்டேன்."

"அடடே! அதைச் சாவுச் சேதி மாதிரி சொல்றே. கடைக்காரரே, எங்க பொண்ணு பாஸு. எட்டு கிராமுக்குப் பதிலா ஏதாவது இனிப்பு எடுங்க."

கடைக்காரர் மிட்டாய் ஜாடியைத் திறந்தார். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மீண்டும் கையுறை மாட்டி, ஐந்து கிலோக் கல்லைத் தூக்கித் தட்டில் வைத்தாள்.

கல்லூரியில் மறுமதிப்பீட்டுக்கு ஒரு சன்னல் உண்டு. அங்கே இருக்கிற எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விண்ணப்பத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படிப்பார். இவளுடையதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"பாஸ் ஆகியிருக்கீங்க."

"ஆமா சார்."

"மறுமதிப்பீடு ஃபெயிலானவங்களுக்கும்மா."

"அப்படி எங்கேயும் எழுதலை சார். யார் வேணா கேட்கலாம்னு போட்டிருக்கு."

"சரி. காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. 'மதிப்பெண் அதிகமாகத் தோன்றுகிறது.'" எழுத்தர் உள்ளே திரும்பினார். "ஏய், இங்க வாங்கப்பா. எல்லாரும் வாங்க." இரண்டு பேர் வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். "இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு. அழுதிருக்காங்க, சண்டை போட்டிருக்காங்க, ஒருத்தன் கோழியோட வந்தான். மார்க்கைக் குறைங்கன்னு காசு கட்ட வந்தது நீங்கதான் முதல் ஆளு."

"நேர்மைதான் சார்" என்றாள்.

"நேர்மையா? குறைஞ்சா குறைஞ்ச மார்க்குதான் நிக்கும். தெரியும்ல?"

"தெரியும்."

"மறுமதிப்பீட்டு மார்க்குக்குக் கருணை மதிப்பெண் சேராது. அதுவும் தெரியுமா?"

தெரியும். விண்ணப்பத்தின் பின்பக்கம், கடைசிக்கு முந்தின வரி. முழு இரவும் அந்த வரியோடுதான் படுத்திருந்தாள். தாளில் இருப்பது முப்பத்தாறு. வேறு யார் திருத்தினாலும் முப்பத்தாறுக்குப் பக்கத்தில்தான் வரும். கருணை சேராது. நாற்பது வராது. முடிவு வரும்வரை, படிப்பு முடிந்தது என்கிற தாளும் கல்லூரியை விட்டுப் போகாது. பதினெட்டு நாள் ஆகும் என்றார்கள். அன்று தேதி இரண்டு. குட்டியின் கையெழுத்து இருபதாம் தேதி.

"முத்திரை குத்துங்க சார்" என்றாள்.

பத்து நாள் கழித்து, மாலை வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், நகலெடுக்கும் இயந்திரம் இருக்கிற நடைவழியில் புள்ளியியல் வாத்தியார் அவளை நிறுத்தினார். கையில் ஹெல்மெட். பகலில் இரண்டு கல்லூரிகள், மாலையில் இந்த ஒன்று. எதிலும் நிரந்தரமில்லாத ஒப்பந்த வாத்தியார்.

"ஆபீஸ்ல உங்க விண்ணப்பம்தான் பேச்சு. நான் தப்பா மார்க் போட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"உங்களைச் சொல்லலை சார்."

"வேற யாரைச் சொல்றீங்க? உங்க தாளைத் திருத்துறது நான்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏழாவது கேள்வி. வர்க்கமூலத்துக்கு முன்னாடி நின்னிருக்கு. எட்டாவதுல முடிவு மட்டும் இல்லை. நாலு பருவமா பார்க்கிறேன். தப்பா ஒரு வரிகூட இருக்காது. சரியான இடத்துல நிக்கும். பேனாவில மை தீர்ந்தா இப்படி அளந்து தீராது."

நகல் இயந்திரம் யாருடைய தாளையோ துப்பிக்கொண்டிருந்தது.

"லாரிக்காரருக்கு நீங்க சொல்லிக்கொடுத்ததைக் கதவுக்கு வெளியே நின்னு கேட்டிருக்கேன். என்னைவிட நல்லாச் சொன்னீங்க. அப்புறம் தாளைப் பார்த்தா இப்படி. என்னைக் கேலி பண்றீங்கன்னு நினைச்சேன். எத்தனை பேர் தேறுறாங்கன்னு பார்த்துத்தான் வருஷா வருஷம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறாங்க, தெரியுமா? போன தடவை முப்பத்திரண்டு வரணும் உங்களுக்கு. கோபத்துல இருபத்தாறு போட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த இருபத்தாறுதான் சார் என்னை முப்பத்தாறுக்கு விரட்டுச்சு."

அவருக்குப் புரியவில்லை. சொன்னாள். கடன், அத்தான், ஏழாம் பக்கம், இருபதாம் தேதி. நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு ஆளிடம் முழுதாகச் சொன்னாள். சொல்லி முடிக்க நகல் இயந்திரம் ஒரு கட்டுத் தாளை முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று அவளுக்கே இருந்தது.

வாத்தியார் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாதுதான்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சார் சொல்றது? தயவு செஞ்சு ஃபெயிலாக்குங்கன்னா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார்.

"மறுமதிப்பீடு வெளியூருக்குப் போகும். யாருக்குன்னு எனக்கே தெரியாது."

"கண்டிப்பானவரா இருப்பாரா சார்?"

"இந்தக் கேள்வியை இவ்வளவு ஆசையோட யாரும் என்கிட்டக் கேட்டதில்லை" என்றார் வாத்தியார்.

பதினேழாம் தேதியே முடிவு வந்துவிட்டது.

ஐம்பத்தொன்று.

பட்டறையில் பழுதான தராசுகளை அடுக்கி வைக்கிற அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்று அதைப் பார்த்தாள். வெளியூரில் முகம் தெரியாத யாரோ ஒருவர் அவள் தாளை நிதானமாகப் படித்திருக்கிறார். படி படியாக எவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்கிறாள், கடைசி வரிதானே இல்லை என்று ஏழாவதுக்கு ஒன்பது போட்டிருக்கிறார். எட்டாவதுக்கு எட்டு. முன்னால் இருந்ததற்கெல்லாம் கூட இரண்டு, கூட மூன்று. கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். வாத்தியார் அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். 'மிகத் தெளிவான அணுகுமுறை. நேரம் போதவில்லை போலும். பாராட்டுகள்.'

அதன் கீழே வாத்தியார் இரண்டு சொல் எழுதியிருந்தார். மன்னிச்சிருங்க டீச்சர்.

கிராம் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மூலையில நிக்கிறே? டன் கூப்பிடுறாரு."

"அண்ணே, தராசு சரியா இருந்தும் எடை தப்பா வருமா?"

"தராசு இருக்கிற தரை சாஞ்சிருந்தா வரும்" என்றார் கிராம் யோசிக்காமல். "ஏன், எந்தக் கடை?"

கல்லூரியிலிருந்து தாள் போய்விடும். கடன் அலுவலகத்திலிருந்து ஜாமீன்தாரர் வீட்டுக்குக் கடிதம் போகும். கடிதம் போவதற்கு முன் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அனுமதி கேட்டு, வேலை முடிவதற்கு முன்பே கிளம்பினாள். பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டாள். அக்கா வீட்டுக் கதவைத் திறந்தபோது அது மறந்து போயிற்று.

அத்தான் மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு போனைத் தூரமாகப் பிடித்திருந்தார். இந்தக் காலத்தில் கடிதத்துக்கு முன்னால் குறுஞ்செய்தி வந்துவிடும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

"வா வா, நல்ல நேரத்துல வந்த. குட்டி, சித்திக்கு நாற்காலி எடு. இங்க ஒரு வேடிக்கையைப் பாரு. உன் கடன்னு எனக்கு ஒண்ணு அனுப்பியிருக்கான். கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. எவ்வளவு போட்டிருக்கான் பாரு!"

அவர் போனை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

"நாளைக்குப் போய் ரெண்டு சத்தம் போட்டாத்தான் சரிவரும். நான் கையெழுத்துப் போட்டது இவ்வளவா? வேற யாரோட கணக்கையோ உன் பேருல ஏத்திட்டான். குட்டி, அவங்க நம்பரைத் தேடு."

"அத்தான், கோளாறு இல்லை."

"இல்லைன்னா?"

"அவ்வளவுதான். சரியாத்தான் இருக்கு."

அக்கா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. அன்று காலை முறை முடிந்து வந்து சீருடையை இன்னும் மாற்றாமல் இருந்தாள். கதவருகே வந்து நின்றாள்.

அவள் இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். வட்டியை. எட்டு தடவையை. வர்க்கமூலத்துக்கு முன்னால் நிறுத்தியதை. முப்பத்தாறை. குறைக்கச் சொல்லிக் காசு கட்டியதை. ஐம்பத்தொன்றை. அத்தான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் இருந்தது.

"நாலு வருஷம்" என்றார் கடைசியில். "ஏன் சொல்லலை?"

"சொன்னா படிப்பை நிறுத்தச் சொல்வீங்கன்னு."

"எந்தப் படிப்பை? ஃபெயிலாகிற படிப்பையா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"திட்டுறதா இருந்தா திட்டிடுங்க அத்தான்."

"திட்டி என்ன ஆகப்போகுது? கையெழுத்து என்னோடதுதானே." அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "உன் சம்பளத்துல எவ்வளவு முடியுமோ கட்டு. மிச்சத்தை என்கிட்டப் பிடிக்கட்டும். அது ஓடும். இவளுக்குத்தான்..." விண்ணப்பத்தைத் தொட்டார். "இன்னும் மூணு நாள் இருக்கு. இனி நான் போட முடியாது. பணிமனையில யாரையாவது கேட்டுப் பார்க்கணும்."

"யாரைக் கேப்பீங்க?" என்றாள் அக்கா. "பஞ்சர் ஒட்டுறவரையா? அவர் பெண்டாட்டி ரேஷனுக்கே அவர் கையெழுத்தை நம்ப மாட்டா."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

அக்கா ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "எனக்கும் சம்பளம் வருதுல்ல? என் பேரு எந்தக் கடன்லயும் இல்லையே. ஜாமீன்தாரர்னு போட்ட இடத்துல உங்க பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதுங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"நீங்க யோசிச்சா போட்டீங்க? பேனாவைத் தலைகீழால்ல பிடிச்சிருந்தீங்க." அக்காவின் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே தங்கைமேல் பாய்ந்தாள். "ஏன்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும். உக்காந்து நீயே எழுது."

அவள் உட்கார்ந்து எழுதினாள். அக்காவின் பெயர், வேலை, சம்பளம், எத்தனை வருட சர்வீஸ். அத்தான் பெயரின் மேல் ஒரே கோடு போட்டாள். எதையாவது மாற்றினால் ஒரே கோட்டால்தான் அடிக்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. எழுதி முடிக்கும்வரை அத்தான் போனில் அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு சைபர் உதிர்ந்துவிடும் என்பதுபோல.

ஏழரை மணிக்கு அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். குடித்த கோப்பைகளை அவளும் குட்டியும் அடுப்படியில் கழுவினார்கள். குட்டி கழுவிக் கொடுக்க, அவள் துடைத்து அடுக்கினாள். குட்டி அழுவாள் என்று நினைத்தாள்; படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தாள். சொல்லிவிட்டால் தேவலை என்றும் ஒரு கணம் இருந்தது.

"சித்தி."

"ம்."

"எங்க காலேஜிலயும் இருபத்தஞ்சுக்குக் கீழே போனாத்தான் பேரை எடுப்பாங்களா?"

துணி கோப்பைக்குள்ளேயே நின்றது. முன்னறையில் அத்தான் விண்ணப்பத்தை ஒவ்வொரு பக்கமாக எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் சொல்வது கேட்டது.

"அம்மா சம்பளத்துல அவங்க கை வைக்காம இருக்கணும்ல" என்றாள் குட்டி. குரல் சாதாரணமாக இருந்தது. பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரல். "கடைசி வருஷம் ஒரே ஒரு தாளை மட்டும் வெச்சுக்கிட்டாப் போதும்ல? நீங்க எப்படிக் கணக்குப் பண்ணுவீங்க? முப்பத்தாறு வர்ற மாதிரி."

வேண்டாம் என்றுதான் சொல்ல வாயைத் திறந்தாள்.

"முப்பத்தாறு இல்லை" என்றாள். "முப்பத்தஞ்சைத் தாண்டாதே."